ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் திவாலானது உறையாலா?

'ப்ளூ மண்டே' பாட்டின் இசைத்தட்டு உறைக்குச் செலவழித்தே மான்செஸ்டரின் இசை வெளியீட்டு நிறுவனமான ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் திவாலானது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கச் சுவையான கதைதான், கணக்குதான் உதைக்கிறது.

நியூ ஆர்டர் இசைக்குழுவின் அந்த 12 அங்குலத் தட்டு வந்தது 1983 மார்ச்சில். பீட்டர் சாவில் அதன் உறையை ஃப்ளாப்பி டிஸ்க் போல வடிவமைத்தார். துளைகளை அச்சு வைத்து வெட்டி, உள்ளே வெள்ளி நிற உறை. செலவு கூடுதல்தான். தட்டுக்கு 5 பென்ஸ் நஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 5 லட்சம் தட்டுக்கு 25,000 பவுண்டு. பின்னால் வந்த பதிப்புகளில் துளை வெட்டுவதையும் விட்டுவிட்டார்கள்.

நிறுவனம் மூழ்கியது 1992 நவம்பரில், ஒன்பது ஆண்டு கழித்து. நிறுவனம் பணம் போட்டு நடத்திய ஹசியெண்டா இரவு விடுதி பணத்தை விழுங்கியது. மான்செஸ்டரின் சார்ல்ஸ் தெருவில் அலுவலகக் கட்டடம் வாங்கிய கையோடு சொத்து விலை சரிந்தது. நிறுவனத்தின் இன்னொரு குழுவான ஹாப்பி மண்டேஸ் பார்படோஸில் பதிவுசெய்த ஆல்பம் செலவை இழுத்தது. நியூ ஆர்டரின் அடுத்த ஆல்பமோ தள்ளிக்கொண்டே போனது.

கடைசியில் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற வேறொரு இசை நிறுவனம் ஃபேக்டரியை வாங்க வந்தபோதுதான் வேடிக்கை. இசைக்கே கலைஞர்கள்தான் சொந்தக்காரர்கள், நிறுவனத்துக்கு எதுவுமில்லை என்பது ஃபேக்டரியை நிறுவியவர்களில் ஒருவரான டோனி வில்சனின் ஆரம்பகால ஏற்பாடு. விற்க உரிமையே இல்லை! லண்டன் நியூ ஆர்டரை நேரடியாகவே ஒப்பந்தம் செய்துகொண்டது. 1993இல் அவர்களின் 'ரிபப்ளிக்' ஆல்பம் அங்கிருந்துதான் வெளிவந்தது.