ரயில் கட்டணமும் கணக்கில் வரட்டும்

பள்ளி மாணவர்களைக் கோடையில் மாநகர அலுவலகங்களில் பயிற்சிக்குச் சேர்ப்பது பற்றிய கட்டுரைக்கு நன்றி. நான் இருக்கும் நியூயார்க்கில் 14 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு வேலை தருகிறார்கள். பெரும்பாலும் குலுக்கலில்தான் இடம். என் மகள் அந்த வேலைக்குத் தினமும் நகரின் குவீன்ஸ் பகுதியிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போனாள். அப்போது மாணவர்களின் இலவசப் பயண அட்டை பள்ளி நாட்களில் மட்டும்தான் செல்லும். கோடையில் கைக்காசு போட வேண்டும். முதல் சம்பளம் வருவதற்குள் பயணச் செலவுக்கே திணறும் பிள்ளைகள் எத்தனை பேர்!

2024 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கு வந்த ‘ஓம்னி’ என்ற புதிய இலவசப் பயண அட்டை ஆண்டு முழுவதும், நாளுக்கு நான்கு பயணம் வரை செல்கிறது. எனக்கு இதுதான் பெரிய செய்தி. அப்புறம், பஸ் நேர அட்டவணை போடும் இடத்திலும் இந்தப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். எந்த நிறுத்தத்தில் காத்துக் காத்துக் கால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.