ஆக்சிமீட்டரில் எந்த எண்ணை நம்புவது?

விரலில் மாட்டி, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் சிறு கருவி ஆக்சிமீட்டர். கொரோனா வந்தவருக்கு அதில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும். "ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டுகிறதே?" என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் பார்க்கும் விதத்தில்தான் தவறு.

5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். இரத்த ஓட்டம் குறைந்த விரலில் அளவு தப்பாக வரும். நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள், மருதாணி வைத்த விரல் வேண்டாம். ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ நுழைத்து, கையை நெஞ்சில் வைத்து ஆட்டாமல் இருங்கள். முதலில் 88, 91 என்று எண் ஓடும், பதறாதீர்கள். குறைந்தது ஒரு நிமிடம் விட்டு, 5 விநாடி மாறாமல் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தெரியும் இன்னொரு எண் நாடித்துடிப்பு; அதை ஆக்சிஜன் என்று படித்துவிட வேண்டாம்.

"மூச்சு வாங்கவே இல்லை, பிறகெப்படி 90?" என்பதும் நியாயமான கேள்வி. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. கொரோனாவில் அது வெளியேறிக்கொண்டே இருக்க, ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கலாம். ஆகவே தெம்பாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். சரியாகப் பார்த்தும் 90-க்குக் கீழே இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைக்கலாம்: கழுத்துக்கு ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட காலுக்கு அடியில் இரண்டு. கர்ப்பிணிகளுக்கும் தீவிர இதய நோயாளிகளுக்கும் இது கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளும் வேண்டாம்.