அப்பாவின் மாத்திரை அட்டை

அப்பாவின் சர்க்கரை மாத்திரை அட்டை எங்கள் வீட்டு வள்ளலார் படத்துக்குப் பின்னால் பதினோரு நாள் கிடந்தது. வைத்தவர் அப்பாதான்.

பக்கத்து ஊரில் சத்சங்கம் நடத்தும் ஐயா ஒருவர் (பேர் வேண்டாம்) "மாத்திரையை நிறுத்துங்க, கரிசலாங்கண்ணி போதும், மிச்சத்தை ஜோதி பாத்துக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். பரீட்சைத் தாளில் ஒரு வரி தாண்டியிருந்தால் "ஸ்டெப் எங்கடா?" என்று மார்க்கைக் குறைத்தவர். அந்த ஐயாவிடம் மட்டும் ஒரு ஸ்டெப்பும் கேட்கவில்லை. காலில் புண் வந்து, கடலூரில் டாக்டர் திட்டின பிறகுதான் அட்டை வெளியே வந்தது.

இதில் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா நிறுத்தின மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். ஐயாவைக் கேள்வி கேட்டால் அப்பா மனசு கஷ்டப்படுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கொஞ்சம் பயமும்தான், ஒருவேளை அந்த ஐயா சொல்வது பலித்துவிட்டால்?

அந்தக் கோபத்தில் ஒரு வருஷம் எந்தச் சங்கத்துப் பக்கமும் போகவில்லை. குருவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், எனக்கு நானே போதும் என்று இருந்தேன். நாலு யூடியூப் சேனலைப் பார்த்துவிட்டு அதையே என் சொந்த புத்தி என்று நினைத்துக்கொண்டிருந்ததும் அந்த வருஷம்தான்.

பிறகு ஒருநாள் பேருபதேசத்தைத் திரும்ப எடுத்தேன். 1873 அக்டோபரில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியைக் கட்டிவிட்டு வள்ளலார் பேசியது. சின்ன வயசில் பாட்டி வாசிக்கக் கேட்டிருக்கிறேன், காதில் ஏறியதில்லை. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம் வைக்காதீர்கள் என்கிறார். அதைவிட என்னை நிறுத்தியது அடுத்து வருவது. சைவத்தின் மேல் தனக்கு முன்பு இருந்த பற்றுக்கு அளவே இல்லை என்று சொல்லிவிட்டு, அப்போது எனக்கு அற்ப அறிவாக இருந்தது என்கிறார். திருவொற்றியூரிலும் கந்தகோட்டத்திலும் உருகி உருகிப் பாடியவர், ஐம்பது வயசில், தன்னையே நம்பி உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால் இப்படிச் சொல்கிறார். நம் காலத்தில் எந்தத் தலைவர் வாயிலாவது "அன்னைக்கு எனக்கு விவரம் பத்தலை" என்று வந்திருக்கிறதா? பழைய வீடியோவை எடுத்துப் போட்டால் எடிட் செய்தது என்பார்கள். அதே பேச்சில் விசாரணை செய்யுங்கள், வீண்காலம் கழிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் கேட்டது கைதட்டலை இல்லை.

நாம் என்ன செய்தோம்? இராமலிங்கசாமி என்று என்னை வழங்குவது எனக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரமான பேராகத் தெரிகிறது என்று தன் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு வள்ளலார் கடிதமே எழுதியிருக்கிறார். 1867ல் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் அவர் பாடல்களைத் திருவருட்பா என்று அச்சிட்டபோது போட்ட பேர் "திருவருட்பிரகாச வள்ளலார்". சாமியே வேண்டாம் என்றவருக்கு அதைவிடப் பெரிய பட்டம். இன்றைக்கு அந்தப் பட்டம்தான் அவர் பேர். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், வேறு எப்படிச் சொன்னாலும் உங்களுக்குச் சட்டென்று புரியாது. ஜோதியை வழிபடுவதற்கென்று அவர் வடலூரில் கட்டிய ஞானசபைக்குள், அவருக்குப் பின்னால் லிங்கம் வைத்துப் பூஜை நடந்து, அந்தத் தகராறு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. வழிகாட்டியவரை விட்டுவிட்டு அவர் வேண்டாமென்றதைப் பிடித்துக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

அதற்காகத் தலைமையே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த எண்ணத்தை, பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் தொடங்கிய வடலூர் தருமச்சாலையில்தான் விட்டேன். 1867ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். போன தைப்பூசத்துக்குப் பரிமாறப் போயிருந்தேன். சாம்பார் வாளியோடு நான் பந்திக்குள் எதிர்ப்பக்கமாக நுழைய, ரசக்காரர் மேல் மோதப் பார்த்தேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் "தம்பி, அந்தக் கோடியில ஆரம்பி, இந்தப் பக்கம் சோறே போடலை" என்றார். ஏன் என்று கேட்கவில்லை, போனேன். சோறு போடாத இலைகளை என் கண்ணாலேயே பார்த்தேன். அங்கே நாலு பேர் நாலு விதமாக யோசித்துக்கொண்டு நின்றால் பந்தியில் உட்கார்ந்தவன் பட்டினி. அந்தத் தாடிக்காரர் என் மனசாட்சியைக் கேட்கவில்லை, என் அப்பாவின் மாத்திரையைக் கேட்கவில்லை. வாளியை எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பதோடு அவர் அதிகாரம் முடிந்தது. பந்தி முடிந்ததும் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

சத்சங்கத்து ஐயாவுக்கும் இவருக்கும் வித்தியாசம் படிப்பில் இல்லை, பக்தியிலும் இல்லை. இவர் சொன்னது சரியா என்று நான் அந்த நிமிஷமே பார்த்துக்கொள்ள முடிந்தது. அவரிடம் பார்க்க நினைப்பதே நம்பிக்கைக் குறைவு. ஜோதியை நம்புகிறேன், தைப்பூசத்தன்று ஞானசபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரை விலகும்போது இன்றும் கண் கலங்குகிறது. அந்த ஜோதியின் சார்பில் பேசுவதாகச் சொல்கிறவரைச் சோதிப்பது எப்படி ஜோதியைச் சந்தேகிப்பதாகும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பா மறுபடியும் சத்சங்கத்துக்குப் போகிறார். மாத்திரை போட்டுக்கொண்டுதான். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்டினேன், அவர் கதை ஆயிற்றே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "பேருபதேசத்துல அந்த வரி எந்தப் பக்கம்? எடு, பாக்கலாம்." எடுத்துக் காட்டினேன். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"எல்லாம் சரிதான். ஆனா பதினோரு நாள் இல்லடா, ஒன்பது நாள்."