போத்தல் தண்ணீரும் பழைய துணியும்

பேரிடர் நேரத்தில் நிவாரணம் தரும் உதவி நிறுவனங்கள் பருவநிலை மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உயிர் போகிற நேரத்தில் கார்பன் கணக்கா என்று கேட்கத் தோன்றும். பங்ளாதேஷின் காக்ஸ் பஜாரைப் பாருங்கள். 2017ல் மியன்மாரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் அகதிகளாக அங்கே வந்து சேர்ந்தார்கள். அரிசி, பருப்பு கொடுத்தாயிற்று; சமைக்க விறகு? சுற்றியிருந்த காடு அடுப்புக்குப் போனது, வேரையும் தோண்டினார்கள். மொட்டையான குன்றில் மழை பெய்தால் மண் சரிந்து கூடாரத்தின் மேல்தான் விழும். 2018 முதல் கேஸ் சிலிண்டர் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் விறகுத் தேவை வெகுவாகக் குறைந்தது, மரக்கன்றுகளும் பிழைத்தன. ஆக, அங்கே சுற்றுச்சூழலும் நிவாரணமும் ஒன்றுதான்.

2021ல் செஞ்சிலுவை அமைப்புகள் இதற்கென ஒரு சாசனமே கொண்டுவந்தன. நல்லது. ஆனால் சிங்கப்பூரில் நாம் செய்வது என்ன? எங்காவது வெள்ளம் என்றால் புளோக்குக்குக் கீழே பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர், ஜரிகைப் புடவை, ஒற்றைச் செருப்பு. (குளிர்கோட்டு கூட வரும், வெள்ளம் சென்னையில்!) இதையெல்லாம் விமானத்தில் அனுப்ப எரிபொருள், அங்கே பிரிக்க ஆள், மிஞ்சியதைக் கொட்ட இடம். பணமாக அனுப்பினால் பாதிக்கப்பட்ட ஊருக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்வார்கள். கோயில்களும் சங்கங்களும் அடுத்த முறை முதலில் உண்டியலை வைக்கட்டும்.