'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'

சாப்பாட்டையும் வீட்டு நினைவுகளையும் பாடும் கவிதைகள் இன்றைய நகர வாழ்க்கையின் ஏக்கத்தில் பிறந்தவை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்க காலத்துக் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதுக் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் (பெண்ணை வளர்த்தவள்), பெண்ணின் அம்மாவிடம் சொல்வதாக வரும். கட்டித் தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைக்கூட அந்தப் பெண் மாற்றவில்லை, கண்ணில் தாளிப்புப் புகை. அப்படிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று சாப்பிடுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று', அதாவது வெளியே தெரிந்தும் தெரியாமலும் மகிழ்ந்தது. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லில்தான் கவிதையே இருக்கிறது. சிரித்தாள் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

எங்கள் அப்பா நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னதே கிடையாது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பார், அவ்வளவுதான். அம்மா கரண்டியோடு குனியும்போது உதட்டோரம் லேசாக ஒன்று வந்து போகும். இந்தப் பாட்டைப் படித்த பிறகுதான் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் இன்னொரு சங்கப் பாட்டு, புறநானூறு 188. பாண்டியன் அறிவுடை நம்பி ஒரு அரசர். அவர் பாடியது என்ன தெரியுமா? குழந்தை சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் சிதறிக்கொள்வதை. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் இன்று இரவே அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.