சாவுச்சாமிக்கு எதுக்குடா சிக்ஸ்பேக்?

அண்ணன் பையன் அனிமேஷன் படிக்கிறான். கடைசி வருடத்துக்கு ஒரு சூப்பர்ஹீரோவைச் சொந்தமாக உருவாக்கி, பத்துப் பக்கக் காமிக்ஸாக வரைந்து கொடுக்க வேண்டுமாம். போன வாரம் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. மண்டையோட்டு முகம், தரையைக் கூட்டுகிற நீளத்தில் கறுப்பு அங்கி, வயிற்றில் வரிசையாக ஆறு கட்டு, கண்குழியில் பச்சை வெளிச்சம். கீழே 'அ புச் - மாயா மரணக் கடவுள்' என்று போட்டு, "எப்படி இருக்கு சித்தப்பா?" என்று கேட்டிருந்தான்.

பையனுக்கு நல்ல கை. ஆனால் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பூர்வகுடிகளான மாயாக்கள் வரைந்த ஆள் அவன் கிடையாது. எந்த ஊர் பிளாட்பாரத்திலும் தொங்குகிற டி-ஷர்ட் மண்டையோடு. உடனே போன் போட்டேன்.

"சாவுச்சாமிக்கு எதுக்குடா சிக்ஸ்பேக்?"

"ஹீரோ சித்தப்பா. தொப்பையோடயா வரைய முடியும்?"

தொப்பையோடுதான் வரைய வேண்டும் என்பது என் கட்சி. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே.

1562-இல் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார், மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். இன்று மிஞ்சியிருப்பவை நாலே நாலு. அதில் ஒன்று ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து நூலகம் ஒன்றில் இருக்கிறது, இணையத்திலேயே முழுசாகப் பார்க்கலாம். புரட்டினால் நம்ம ஆள் அடிக்கடி வருவார். முதுகெலும்பு முடிச்சு முடிச்சாக வெளியே தெரியும். உடம்பெங்கும் அழுகல் புள்ளிகள். மண்பாண்டங்களில் வரைந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் வயிற்றை உப்ப வைத்திருக்கிறார்கள், ரெண்டு நாள் வெயிலில் கிடந்த உடம்பு மாதிரி. கழுத்தில் மணிமாலை என்று நினைத்துக் கிட்டே போனால், அத்தனையும் பிடுங்கிய கண்கள். நரம்போடு கோத்திருக்கும்.

பெயரிலும் ஒரு சிக்கல். 'அ புச்' என்பது பொதுவான புத்தகங்களில் புழங்கும் பெயர். லாந்தாவே பாதாளத்துத் தலைவனை 'ஹுனாவ்' என்றுதான் எழுதி வைத்தார். ஏடுகளை ஆராய்ந்த பால் ஷெல்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பெயர் வைக்கிற வம்பே வேண்டாம் என்று 'ஏ கடவுள்', 'பி கடவுள்' என்று வரிசை போட்டுவிட்டார். நம்ம ஆளுக்கு முதல் எழுத்து. யுகத்தான் மாயா மக்களும், மாயாக்களிலேயே இன்னொரு பிரிவான லக்கந்தோன் மக்களும் சொல்கிற பெயர்தான் எனக்குப் பிடிக்கும்: கிசின். 'கிஸ்' என்றால் குசு. கிசின் என்றால் நாற்றம் விடுகிறவன். இதைச் சொன்னதும் மறுமுனையில் பையன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அண்ணி என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்.

சிரிக்கட்டும். மாயா ஆட்களும் சிரித்திருக்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு குவளை இருக்கிறது, 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலைமேல் குட்டி ஜாகுவார் ஒன்று மல்லாந்து கிடக்க, ஒரு பக்கம் மழைக்கடவுள் சாக் கையில் கோடரியோடு நிற்கிறார். எதிர்ப்பக்கம் நம்ம எலும்புச்சாமி கையை நீட்டி, காலைத் தூக்கி, கல்யாண வீட்டுக்கு வந்த மாமா மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்துக் குவளைகள் சிலவற்றில் ஆள் வாயிலிருந்து மெல்லிய கோடு கிளம்பி எழுத்துக் கட்டத்தில் போய் முடியும். பேச்சுக்குமிழி! ஒரு குவளையில் முயல் ஒன்று பாதாளக் கடவுளின் தொப்பியையும் துணியையும் பிடுங்கிக்கொண்டு நக்கலடிக்கிறது. காமிக்ஸ் வித்தை எல்லாம் அங்கேயே இருக்கும்போது நாம் ஏன் அமெரிக்க அங்கியைக் கடன் வாங்க வேண்டும்?

கதையும் இருக்கிறது. குவாத்தமாலாவின் கிச்சே மாயாக்களின் புராண நூல் 'போபோல் வூ'. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சிகாஸ்தெனாங்கோவில் ஒரு பாதிரியார் பார்த்து எழுதிய பிரதிதான் இன்று கையில் உள்ளது. (ஒரு பாதிரியார் எரிக்கிறார், இன்னொருவர் உட்கார்ந்து நகலெடுக்கிறார்!) அதில் ஷிபல்பா என்ற பாதாளத்தை ஆள்பவர்கள் பன்னிரண்டு பேர். தலைவர்கள் ஹுன் கமே, வுக்குப் கமே. ஒன்று-சாவு, ஏழு-சாவு என்று பொருள், ரெண்டும் நாள்காட்டிப் பெயர்கள். 260 நாள் சுற்றில் ஒரு முறை ஒன்று-கமே வரும். கிச்சே ஊர்களில் நாள் பார்க்கிறவர்கள் இன்றும் அந்தக் கணக்கை விடவில்லை.

மற்ற பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு இலாகா. சீழ் வைக்க ஒருவர், மஞ்சள் காமாலைக்கு ஒருவர், வழியில் ரத்தம் கக்கிச் சாகடிக்க ரெண்டு பேர். எனக்குப் பிடித்த ஜோடி, வாசல் கூட்டாத வீட்டைத் தேடிப் போய் ஆளைக் குத்துகிற ஜோடி. எங்கள் வீட்டுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

இவர்கள் எப்படி மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஷிபல்பாவுக்கு வரும் கதாநாயகர்கள், இரட்டையர் ஹுனாபுவும் ஷ்பலன்கேவும் முதலில் ஒரு கொசுவை அனுப்புகிறார்கள். ஹுனாபுவின் கால்முடியில் பிறந்த கொசு. வரிசையில் முதல் ரெண்டு பேரையும் கடிக்கிறது, சத்தமே இல்லை. மரப்பொம்மைகள். மூன்றாவது ஆளைக் கடித்ததும் "ஐயோ!" பக்கத்து ஆள், "என்ன ஹுன் கமே?" அவரைக் கடித்தால் அடுத்தவர், "என்ன வுக்குப் கமே?" இப்படியே கடைசி ஆள் வரை அத்தனை ரகசியப் பெயரும் வெளியே வந்துவிடுகிறது. முகமூடி கழற்றும் காட்சியை இதைவிட அழகாக எந்த சூப்பர்ஹீரோ கதையில் பார்த்தோம்?

முடிவு இன்னும் அமர்க்களம். மாறுவேடத்தில் வரும் இரட்டையர் ஒருவரை ஒருவர் வெட்டி உயிர்ப்பித்து வித்தை காட்ட, சாவுச்சாமிகளுக்கு ஆசை தாங்கவில்லை. "எங்களுக்கும் செய்யுங்க, எங்களுக்கும்!" என்று கெஞ்சுகிறார்கள். வெட்டுகிறார்கள். உயிர்ப்பிக்கவில்லை. அவ்வளவுதான். மரணத்துக்கே செத்துப் பார்க்கிற ஆசை!

பையன் இங்கே மடக்கினான். "அப்ப இவன் வில்லன்தானே சித்தப்பா? நான் ஹீரோவா ஆக்கணுமே."

நியாயமான கேள்விதான். 2022-இல் வந்த 'வகாண்டா ஃபாரெவர்' படத்தில், மார்வெல் காமிக்ஸின் கடல் ராஜா நேமோரை அட்லாண்டிஸிலிருந்து பெயர்த்தெடுத்து மாயாக்காரனாக்கி, யுகத்தான் மாயா மொழியும் பேச வைத்தார்கள். கடவுள் பெயர்தான் வைத்துக்கொண்டார்கள், குக்குல்கான் என்று. நல்ல வேலை, ஆனால் அது இறகுப்பாம்பு, பார்க்கவே ராஜகளை. சாவுச்சாமிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போர். கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக 2 லட்சம் பேருக்கு மேல் என்று 1999-இல் உண்மை ஆணையம் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயாக்கள். கோமலாப்பாவில் பழைய ராணுவ முகாம் ஒன்றைத் தோண்டியபோது 220 எலும்புக்கூடுகள் கிடைத்தன. உறவினர்கள் வந்து டிஎன்ஏ சோதனைக்கு மாதிரி கொடுத்து, எலும்பு எலும்பாக ஒப்பிட்டு, சிலருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. பலருக்கு இல்லை.

அங்கே போய் உட்காரட்டும் உன் ஹீரோ, என்றேன். தொப்பையும் நாற்றமுமாக, கண்மாலையோடு. அழுகுகிற உடம்பைப் பார்த்து அருவருக்காத ஒரே சாமி அவர்தானே. தோளில் அந்தக் கொசு. அன்றைக்குக் கடித்து அவர் பெயரைப் பிடுங்கியது, இன்றைக்கு ஊரில் உறவுக்காரர்களைக் கடித்துச் சொட்டு ரத்தம் கொண்டுவந்து எலும்புக்குப் பெயர் கேட்கிறது. யாரையும் அடிக்க வேண்டாம். முகாமை மறைக்கப் பார்க்கிற அதிகாரிகள் அறைக்குள் ஒரு தரம் கிசின் வேலையைக் காட்டினால் போதும்.

சொல்லி முடித்ததும் எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அடுத்தவர் வீட்டுச் சாவை வைத்து நான் கதை பண்ணுகிறேன், அவர்கள் பிள்ளைகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் அவனிடம் சொன்னேன். "ம்" என்றான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நேற்று ராத்திரி ஒரு மணிக்குப் பென்சில் படம் ஒன்று வந்தது. குச்சிக்கால், பானை வயிறு, ஒரு கால் தூக்கிய ஆட்டம். மாலையில் ஒரே ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறது. கொசு காதோரம் உட்கார்ந்திருக்கிறது. கீழே இப்படி எழுதியிருந்தான்: "சித்தப்பா, அந்த அதிகாரி சீனுக்கு சவுண்டு எழுதணும். 'டர்ர்ர்'ன்னு போடவா, 'புஸ்ஸ்ஸ்'ன்னு போடவா?"