பிளாக்செயினைப் பார்த்தது போதும், பேங்க் பாஸ்புக்கைப் பாருங்கள்

கிரிப்டோ குற்றங்களை ஆராய்கிறேன் என்று இங்கே பெங்களூருவில் தெரிந்த பிள்ளைகள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பேசிப் பார்த்தால் பாதிப்பேர் இன்னும் 2013ஐத் தாண்டவில்லை.

அப்போது சில்க் ரோடு என்ற இணையச் சந்தையில் பிட்காயின் கொடுத்துப் போதைப்பொருள் வாங்கினார்கள். யார் கொடுத்தது என்று தெரியாது என்ற தைரியம். உண்மையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஊரே பார்க்கும்படி அழியாமல் கிடக்கிறது. ஒரே பரிவர்த்தனைக்குப் பல முகவரிகளிலிருந்து (நம் அக்கவுண்ட் நம்பர் மாதிரி) காசு போனால், அவை ஒரே ஆளுடையவையாக இருக்கலாம் என்ற சின்ன ஊகத்தை வைத்தே ஆய்வாளர்கள் முகவரிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்தார்கள். 2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனம்) திருடுபோன 1,19,754 பிட்காயினில் பெரும்பகுதி 2022இல் மீட்கப்பட்டது அந்தக் கணக்கேட்டில் தடம் பிடித்துத்தான். அந்தக் காசைத் திறக்கும் ரகசியச் சாவிகள் கிடந்ததோ கிளவுடில் வைத்திருந்த ஒரு ஃபைலில்!

திருடன் சும்மா இருப்பானா? பலர் காசைக் கலந்து தடம் மறைக்கும் மிக்ஸர், பரிவர்த்தனையை வெளியே காட்டாத மொனேரோ காயின், ஒரு பிளாக்செயினை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் பிரிட்ஜ் என்று போய்க்கொண்டே இருந்தான். பிறகு அவனுக்கு ஒன்று புரிந்தது, கம்ப்யூட்டர் புரோகிராமை உடைப்பதைவிட ஆளை ஏமாற்றுவது லேசு. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது. பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் வாலெட் (கிரிப்டோ வைக்கும் டிஜிட்டல் பணப்பை) அது. வாலெட் மென்பொருள் செய்தவர்களின் டெவலப்பர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, திரையில் வழக்கமான டிரான்ஸ்ஃபர் போலவே காட்டிவிட்டார்கள். கையெழுத்து விழுந்தது வேறொன்றுக்கு. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் கந்துவட்டிக்காரன் வேலைதான். வடகொரியா செய்தது என்றது எஃப்பிஐ.

நம்மூரிலும் நடந்தது. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 4.4 கோடி டாலர் போனபோது, பெங்களூரு போலீஸ் கைது செய்தது அங்கே வேலை பார்த்த ஒருவரை. ஆபீஸ் லேப்டாப்பில் பார்ட்-டைம் வேலை பார்த்தார், அதன் வழியாக மால்வேர் என்ற திருட்டு மென்பொருள் நுழைந்தது என்றார்கள்.

இதெல்லாம் பேப்பரில் வரும். வராதது வேறு. வீடியோ காலில் போலீஸ் வேஷம் போட்டு டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டி ஒரு பெரியவரிடம் பிடுங்கிய ரூபாய், கம்போடியாவில் இருப்பவன் கைக்கு எப்படிப் போகிறது? முதலில் பல வாடகை அக்கவுண்டுகளுக்குப் பிரிகிறது. அங்கிருந்து பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பதில், யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) ஆகிறது. அப்புறம் நாடாவது எல்லையாவது.

அந்த வாடகை அக்கவுண்டுகள் யாருடையவை? எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் பிஜி விடுதிகளில் இருக்கும் பையன்களுடையதும் உண்டு. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்து ‘கிட்’ என்பார்கள். கொடுத்தால் கமிஷன். கொடுக்காதவனும் தப்புவதில்லை. தர்மபுரிப் பையன் ஒருவன் போன் செய்தான்: “அண்ணா, அக்கவுண்ட்ல லீன் போட்டுட்டாங்க, பணத்தை எடுக்க முடியல. நான் யுஎஸ்டிடி வித்தேன், அவ்ளோதான்.” ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் ஆப்பில் வாங்கியவன் பெயர் ஒன்று, பணம் அனுப்பியவன் பெயர் இன்னொன்று. வந்தது யாரிடமோ பிடுங்கிய பணம், புகார் குஜராத்தில். இவன் சம்பளமும் அதே அக்கவுண்டில்தான் விழுகிறது. (பெயர் பொருந்தாவிட்டால் காயினை ரிலீஸ் செய்யாதீர்கள், சாமி!)

2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சரியான வேலை. ஆனால் டெலிகிராமில் பேசி முடிக்கும் வியாபாரம் எந்த எக்ஸ்சேஞ்ச் கண்ணிலும் படாது. பிளாக்செயினில் எவ்வளவு நுணுக்கமாகத் தேடினாலும், யுஎஸ்டிடி ஆவதற்கு முன்னால் ரூபாய் எந்தெந்தக் கை மாறியது என்பது அதில் இருக்காது.

ஆகவே பிள்ளைகளே, அழகான கிராஃப் வரைவதற்கு முன்னால் இங்குள்ள சென் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றப்பிரிவு) போலீஸ் ஸ்டேஷன் எஃப்ஐஆர்களைப் படியுங்கள். பணம் பறிபோன நேரத்துக்கும் யுஎஸ்டிடி ஆன நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, அது வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறதா, யாராவது கணக்கெடுங்கள். எஃப்ஐஆர் கன்னடத்தில் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டால் படித்துச் சொல்வார்.